ஐந்து ஊருக்கு மூன்று சைக்கிள்!

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் ஏறினால், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் எங்கள் ஊர் கரிவலம்வந்தநல்லூர். யானை வலம் வந்து வணங்கிய ஊர் என்று பெயருக்குக் காரணம் சொல்வார்கள். மேற்கே பார்த்தால் நீல நிறத்தில் மலைத்தொடர். கிழக்கே பார்த்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல் காடு. ஊரை ஒட்டி நிட்சேப நதி. நதி என்றதும் காவிரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். வருஷத்தில் பாதி நாள் மணலும் கருவேல மரமும்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை கைவிடாமல் இருந்தால் தண்ணீர் ஓடும். ஓடி, வைப்பாற்றில் கலந்து, மன்னார் வளைகுடாவுக்குப் போய்ச் சேரும்.

இந்த வட்டாரத்தில் ஐந்து ஊர்க் கோயில்களைப் பஞ்சபூதத் தலங்கள் என்று சொல்வது வழக்கம். சங்கரன்கோவில் மண், எங்கள் கரிவலம் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். சிவராத்திரி அன்று ஒரே நாளில் ஐந்தையும் தரிசிக்க வேண்டுமென்று ஜனங்கள் வேன் பிடித்துக்கொண்டு போவார்கள். நானும் கல்யாணமாகி வந்த இந்த 26 வருஷத்தில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆனால் வேனில் போனால் என்ன தெரியும்? கோயில் தெரியும், பக்கத்தில் இருப்பவரின் முழங்கை தெரியும். நடுவில் இருக்கிற பூமி ஒன்றும் தெரியாது.

போன தை மாசக் கடைசியில் நாங்கள் மூன்று பேர் இந்த ஐந்து ஊரையும் சைக்கிளிலேயே சுற்றி வந்தோம். எந்த வழியில் போகிறோம் என்பதைப் பொறுத்து அறுபதிலிருந்து எண்பது கிலோமீட்டர் வரும். இரண்டு நாளில் முடித்தோம். மூவரும் பெண்கள். சின்னவளுக்கு 25, பெரியவளுக்கு 53. நடுவில் நான், 47.

அதற்குள் மூக்கில் விரலை வைத்துவிடாதீர்கள். எங்களில் ஒருத்தரும் பந்தயக்காரர் இல்லை. பெரியவள் என் மதினி, அண்ணன் பெண்டாட்டி. இருபது வருஷமாகக் கேரியரில் கேனைக் கட்டி வீடு வீடாகப் பால் ஊற்றுகிறாள். அவள் ஓட்டுவது பார் வைத்த ஆம்பளை சைக்கிள். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு அவள் காலைத் தூக்கிப் போடும் அழகே தனி. சின்னவள் என் மருமகள். பிளஸ் ஒன் படிக்கையில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில் தினம் ஆறு கிலோமீட்டர் பள்ளிக்கூடம் போனவள். சீர் சாமான்களோடு அந்த சைக்கிளும் எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்து, தொழுவத்துச் சுவரில் சாய்ந்தது. அதற்கப்புறம் அதன் மேல் கோழிதான் உட்கார்ந்தது.

பிள்ளை பிறந்து ஒன்றரை வருஷம் ஆகியும் அந்தப் பெண்ணின் முகத்தில் களையில்லை. ரத்தம் குறைவா என்று பார்த்தோம், இல்லை. தைராய்டு பார்த்தோம், சரியாக இருந்தது. வேலையில் குறை வைக்கமாட்டாள், பேச்சுதான் குறைந்துவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் தொழுவத்தில் அந்த சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன தாயி?" என்றேன். "ஒண்ணுமில்ல அத்தை, ஸ்கூலுக்குப் போகையில காத்து முகத்துல அடிக்கும்லா, அது ஞாபகம் வந்துச்சு" என்றாள். அந்த ராத்திரியே மதினி வீட்டுக்குப் போய்ப் பேசி முடிவு செய்தாகிவிட்டது.

கர்ப்பப்பை இறங்குமா?

முடிவு வெளியே தெரிந்ததும் தெருவில் ஒரே பேச்சு. "பிள்ளை பெத்த உடம்பு, சைக்கிள் மிதிச்சா எறங்கிரும்" என்று ஒரு பாட்டி. "மாமியாக்காரிக்குக் கூறு வேண்டாமா?" என்று இன்னொருத்தி. நமக்கு வேண்டியது தெருப்பேச்சு இல்லை, விஷயம் தெரிந்தவர் சொல். சங்கரன்கோவிலில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் மூவரும் போனோம்.

அவர் சொன்னதை நம் வாசக சகோதரிகளுக்கும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பை இறங்குவதற்குக் காரணம் சைக்கிள் அல்ல. அதைக் கீழிருந்து தாங்கும் தசைகள் பிரசவங்களில் தளர்ந்துபோவதும், அதற்குமேல் பாரம் தூக்குவது, விடாத இருமல், நாள்பட்ட மலச்சிக்கல் ஆகியவையும்தான் காரணம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துப் படியேறுவதை யாரும் தடுப்பதில்லை, சைக்கிளைத்தான் தடுக்கிறார்கள் என்று சிரித்தார். சுகப்பிரசவமானால் புண் ஆறி, வலியெல்லாம் போகக் குறைந்தது ஆறு எட்டு வாரம் பொறுக்க வேண்டும். சிசேரியன் ஆனவர்கள் மூன்று மாசமாவது கழித்து, டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகே ஏறவேண்டும். ஏற்கெனவே இறக்கம் இருப்பவர்களும், சிறுநீர் கசிவு இருப்பவர்களும் கேட்காமல் தொடங்கக் கூடாது. சிறுநீரை அடக்குவது போல அடிவயிற்றின் கீழ்த் தசைகளை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, விடுகிற பயிற்சியை உட்கார்ந்த இடத்தில் தினம் மூன்று வேளை செய்யலாம். அது எல்லாருக்கும் நல்லது.

என் முழங்கால் வலியையும் சொன்னேன். நடக்கையில் உடம்பின் கனம் முழுவதும் மூட்டில் இறங்குகிறது; சைக்கிளில் அந்தக் கனத்தைச் சீட் வாங்கிக்கொள்கிறது, அதனால் ஆரம்ப நிலை மூட்டுத் தேய்மானத்துக்கு சைக்கிள் ஏற்றது என்றார். ஆனால் எலும்பு பலப்படுவதற்கு சைக்கிள் மட்டும் போதாது, நடையும் வேண்டும் என்று ஒரு கொக்கியும் போட்டார். எனக்குச் சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது, மாத்திரை இல்லை. மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் மிதிக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கையில் இனிப்பு இல்லாமல் தனியாகப் போகக் கூடாது.

இந்தப் பயம் நம் தெருவுக்கு மட்டும் சொந்தமில்லை. 1890-களில் ஐரோப்பாவில் பெண்கள் சைக்கிள் ஏறத் தொடங்கியபோது, கர்ப்பப்பை கெடும், முகம் கோணிப்போகும் என்றெல்லாம் படித்த டாக்டர்களே எழுதினார்கள். இத்தாலியில் போ என்றொரு ஆறு. அது பாயும் சமவெளி நம் டெல்டா போலத் தட்டையானது. இன்று உலகமெங்குமிருந்து ஜனங்கள் வந்து அந்த ஆற்றங்கரை மேலேயே நாள் கணக்கில் சைக்கிளில் போகிறார்கள். அந்தச் சமவெளியில் ஏழைக் குடியானவர் வீட்டில் 1891-ல் பிறந்தவர் அல்ஃபோன்சினா ஸ்திராதா. சைக்கிள் பைத்தியம்! கல்யாணத்துக்குப் புருஷன் கொடுத்த பரிசே ஒரு பந்தய சைக்கிள்தான். 1924-ல் இத்தாலி முழுவதையும் சுற்றும் பெரிய பந்தயத்தில் ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக ஓட்டினார். வழியில் ஹாண்டில்பார் ஒடிந்ததும், ஒரு விளக்குமாற்றுக் கட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு மேலே போனார் என்று அங்கே கதையாகச் சொல்வார்கள். ஒரு நாள் குறித்த நேரத்துக்குள் வந்து சேராததால் பந்தயக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். அவர் நிறுத்தவில்லை, கடைசி ஊர் வரை ஓட்டினார்.

இத்தாலி தூரம் என்றால் புதுக்கோட்டைக்கு வருவோம். 1991, 92-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். குவாரியில் கல் உடைப்பவர்கள், கூலி வேலைக்காரர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது பலர் ஆம்பளை சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் அல்லவா, அதனால் இதுவே மேல் என்றார்களாம்! என் மதினி இதைக் கேட்டுவிட்டு, "அவளுகளும் நம்ம ஜாதி போல இருக்கு" என்றாள். சைக்கிள் ஜாதியைச் சொன்னாள்.

பிள்ளையை சைக்கிளில் வைத்துப் போகும் தாய்மார்களுக்கு இங்கேயே ஒரு எச்சரிக்கை. பின்னால் உட்காரும் குழந்தையின் குதிகால் சக்கரக் கம்பிக்குள் மாட்டிக்கொண்டால் சதை பிய்ந்துவிடும், எலும்பும் முறியலாம். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் வலைத் தடுப்பு, கால் வைக்க மிதிகட்டை, இடுப்புக்குப் பட்டை உள்ள சீட், இவை இல்லாமல் குழந்தையை ஏற்றாதீர்கள். ஒரு வயசு ஆகாத குழந்தையை ஏற்றவே வேண்டாம். எங்கள் பாப்பாவை நாங்கள் கூட்டிப் போகவில்லை. அவள் அப்பாவிடமும் தாத்தாவிடமும் விட்டோம்.

காற்றும் மேடும்

தை மாசத்தைத் தேர்ந்தெடுத்தது மதினி. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இந்தப் பக்கம் அடிக்கும் அடியில், மேற்கே பார்த்து சைக்கிள் மிதிப்பதும் மாவு ஆட்டுவதும் ஒன்று. காற்றாலைக்காரர்களுக்கு அது கொண்டாட்டம், நமக்குத் திண்டாட்டம். தையில் காற்று அடங்கியிருக்கும், கண்மாயில் தண்ணீர் இருக்கும், பாதி வயல் அறுத்தும் பாதி அறுக்காமலும் இருக்கும்.

காலை ஐந்தேகாலுக்குப் புறப்பட்டோம். மருமகளும் நானும் சுடிதார். கணுக்காலில் பேண்ட் செயினில் மாட்டாமலிருக்க ஒரு ரப்பர் பேண்ட். உள்ளாடை பருத்தியாக, தொடை இடுக்கில் தடித்த தையல் இல்லாததாக இருக்க வேண்டும். உரசிப் புண்ணாவது சீட்டால் பாதி, தையலால் பாதி. இருபுறமும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டோம். சீட்டின் உயரத்தையும் கவனியுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பயத்தில் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு ஓட்டுகிற பெண்களே அதிகம்; முழங்கால் வலி வருவது அதனால்தான்.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே போகப் போகத் தரை லேசாக ஏறிக்கொண்டே போகிறது. பஸ்ஸில் இது தெரியவே தெரியாது, தொடை சொல்லும்! ஓடைக்கு இறங்கும், மேட்டுக்கு ஏறும், மறுபடி ஓடை. மக்காச்சோளமும் பருத்தியுமாக இருந்த கறுப்பு மண், கொஞ்ச நேரத்தில் செம்மண்ணாகிறது. தென்னை வருகிறது, எலுமிச்சைத் தோட்டம் வருகிறது. காற்றில் ஈரம் வருகிறது. முதுகில் வெயில் ஏற ஏற, எதிரே மலை நீலத்திலிருந்து பச்சையாக மாறிக்கொண்டே வந்தது. "அத்தை, மலையில மரம் தனித்தனியாத் தெரியுது பாருங்க" என்று மருமகள் கத்தினாள். அவள் குரலை உயர்த்திப் பேசி நான் வெகுநாள் கேட்கவில்லை.

தேவதானம் கோயிலுக்குப் போகும்போது மணி எட்டரை. நச்சாடை தவிர்த்த சுவாமி, தவம்பெற்ற நாயகி. நஞ்சு தோய்ந்த ஆடையிலிருந்து பாண்டியனைக் காத்தவர் என்று பெயருக்குக் கதை. மலையடிவாரத்துக் கோயில், பின்னால் சுவர் எழுப்பினாற்போல மலை. தரிசனம் முடிந்து மரத்தடியில் புளியோதரையும் பனங்கிழங்கும் சாப்பிட்டோம். வெயில் ஏறுவதற்குள் சிவகிரி போய்ச் சேர வேண்டும் என்பதால் அதிகம் உட்காரவில்லை. அந்தத் துண்டுதான் கஷ்டமான துண்டு. தூரத்தால் அல்ல, திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலை அது, கேரளத்துக்குப் போகும் லாரிகள் உரசிக்கொண்டு போகும். ஒருவர் பின் ஒருவராக, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மதினி முன்னால், நான் கடைசி. பேச்சே கிடையாது.

தண்ணீர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். வழியில் கழிப்பிடம் கிடைக்காதே என்று பயந்து நம் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் பிரயாணம் செய்கிறார்கள். அதனால் வருவதுதான் நீர்க்கடுப்பு, சிறுநீரில் கிருமி, தலைவலி எல்லாம். நாங்கள் வழியைத் தீர்மானித்ததே கழிப்பிடத்தை வைத்துத்தான்: பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்டு, சொந்தக்காரர் வீடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு இடமாவது வருகிற மாதிரி ஒரு சீட்டில் எழுதிக்கொண்டோம். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு பாட்டில் உப்புப் போட்ட நீர்மோர். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளவும்.

சிவகிரியில் என் சின்னம்மை வீடு. மத்தியானம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து வைத்திருந்தாள். இடுப்புக்குப் பலமென்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டுக்கொண்டே இருந்தாள். சாப்பிட்டு மூவரும் பாயில் விழுந்தவர்கள்தான், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. பாப்பா அம்மாவைத் தேடி அழுகிறாள். போனுக்குள் அந்த அழுகை கேட்டது. மருமகள் முகம் வெளிறிவிட்டது. "பஸ்ஸைப் பிடிச்சுப் போயிரவா அத்தை? தெருவுல எல்லாரும் அப்பவே சொன்னாங்க" என்றாள். போ என்று சொல்வதும் சுலபம், போகாதே என்று சொல்வதும் சுலபம். "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய் தாயி, நாங்க ஒண்ணும் நினைக்கமாட்டோம்" என்றேன். மதினி எதுவும் சொல்லாமல் அவளுடைய காலை எடுத்து மடியில் வைத்து ஆடுதசையைப் பிடித்துவிட்டாள். அரைமணி கழித்து என் மகன் மறுபடி கூப்பிட்டான். தோளில் போட்டுத் தெருவில் நாலு நடை நடந்தானாம், தூங்கிவிட்டாள். "நீ ஓட்டிட்டு வா, நான் பார்த்துக்கிடுதேன்" என்றான் பெண்டாட்டியிடம். போனை வைத்துவிட்டு அந்தப் பெண் கொஞ்ச நேரம் அழுதாள். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் தென்மலை திரிபுரநாதர். பிறகு உள் சாலைகளில் புகுந்து தாருகாபுரம். லாரி இல்லாத ரோடு. மூவரும் ஒரே வரிசையில் பேசிக்கொண்டு ஓட்டலாம். தாருகாபுரத்துச் சுவாமிக்கு மத்தியஸ்த நாதர் என்று பெயர். சேர, சோழ, பாண்டியர் மூவருக்கும் வந்த சண்டையை நடுவில் நின்று தீர்த்துவைத்தாராம். நீருக்குரிய தலத்தில் மத்தியஸ்தர் சாமி! ஆற்றுத் தண்ணீருக்கு நாம் படும் பாட்டைப் பார்த்தால் அவருக்கு இன்னும் வேலை இருக்கிறது.

அங்கிருந்து நெற்கட்டும்செவல் வழி. வெள்ளைக்காரனுக்குக் கப்பம் கட்டமாட்டேன் என்று நின்ற பூலித்தேவரின் ஊர், அவருடைய நினைவு மாளிகை இருக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் என் பின் சக்கரத்தில் கருவேல முள் ஏறியது. மதினி பையிலிருந்து டயர் லிவர், சொல்யூஷன், பழைய டியூப் துண்டு எல்லாம் எடுத்தாள். ஒரு வீட்டில் வாளித் தண்ணீர் வாங்கி, டியூபை முக்கிக் குமிழி பார்த்து, கால்மணியில் ஒட்டிவிட்டாள். சுற்றி நின்ற பொடியன்கள், "ஏய், ஆச்சி பஞ்சர் ஒட்டுதுலே!" என்று ஆச்சரியப்பட்டார்கள். இதைக் கற்றுக்கொள்ளாமல் சைக்கிள் கற்றுக்கொண்டேன் என்று சொல்லாதீர்கள்.

மலையை விட்டுக் கிழக்கே திரும்பியதும் தரை இறக்கமாகிவிட்டது. நேற்று ஏறிய கூலியை இன்று திருப்பிக் கொடுத்தது பூமி. சங்கரன்கோவிலில் கோமதியம்மன் சந்நிதியில் நடை சாத்துவதற்குள் கும்பிட்டு, வெயில் தாழ்கிற வரை மண்டபத்தில் இருந்து, ஐந்து மணிக்கு வீடு. பாப்பா ஓடி வந்து அம்மாவைப் பார்க்கவில்லை, சைக்கிள் மணியைப் பிடித்து அடித்தாள்.

சர்க்கரை குறைந்ததா என்று கேட்பீர்கள். இரண்டு நாளில் என்ன குறையும்? வாரத்தில் ஐந்து நாள், அரைமணி நேரம், மூச்சு வாங்க ஆனால் பேச முடிகிற வேகத்தில் ஓட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. மூன்று மாசச் சர்க்கரை அளவை அப்புறம்தான் பார்ப்பாராம். விடியற்காலையில் மருமகளும் நானும் நிட்சேப நதிப் பாலம் வரை போய்த் திரும்புகிறோம். கோழிக்கு வேறு இடம் செய்து கொடுத்தாகிவிட்டது.

எங்கள் கேரியர் பையைப் பற்றி வழியில் நாலைந்து பேர் கேட்டார்கள். பழைய ஜீன்ஸ் பேண்ட்டின் கால்கள் இரண்டையும் முக்கால் முழ நீளத்துக்கு வெட்டி, அடியை இரட்டைத் தையல் போட்டு மூடி, இடுப்புப் பட்டைத் துணியால் இரண்டையும் இணைத்தால் கேரியரின் இருபுறமும் தொங்கும். சக்கரப் பக்கம் ஒரு அட்டையை வைத்துத் தைத்துவிடுங்கள், கம்பியில் மாட்டாது. ஒரு பக்கம் சோறு, தண்ணீர். மறுபக்கம் மாற்றுத்துணி, பஞ்சர் சாமான். கனம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். தீபாவளி மழை விட்டதும் குற்றாலம் பக்கம் போகலாம் என்று மதினி சொல்லியிருக்கிறாள். அதற்கு இன்னும் இரண்டு பை தைக்க வேண்டும், என் மகனும் வருகிறானாம்.